முப்பது மீட்டர் முதுகு

ஆஸ்திரேலியக் கோதுமைச் சமவெளியில் இருக்கும் டாரன்கூலில் ஒருவரை மெச்ச வேண்டுமென்றால் "மோசமில்ல" என்று சொல்ல வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டினாலும் கேட்டவருக்குச் சந்தேகம் வந்துவிடும், இவன் எதற்கோ அடிபோடுகிறான் என்று. வழுக்கைத் தலையனுக்கு அங்கே 'சுருட்டை' என்று பெயர். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் பெர்னிக்குத் தலைமுடி செக்கச்செவேலென்று இருக்கும். ஊர் அவனை நாற்பது வருடமாக 'நீலம்' என்றுதான் கூப்பிடுகிறது. எதையும் தலைகீழாகச் சொல்லலாம், யாரை வேண்டுமானாலும் கேலி செய்யலாம். தன்னைப் பற்றித் தானே உயர்வாக ஒரு வார்த்தை சொல்லிக்கொள்வது மட்டும் ஆகாது. ஒரு வருடம் கால்பந்துக் கோப்பையை வென்று வந்த அணித்தலைவன், பாவம், மேடையில் வாய்தவறி, "இன்னிக்கு நான் நல்லாத்தான் ஆடினேன்" என்று சொல்லிவிட்டான். முப்பத்தைந்து வருடமாகிறது. இன்றும் அவன் மதுக்கடைக்குள் நுழைந்தால் யாராவது ஒருவர் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போடுகிறார்.

இப்படிப்பட்ட ஊரில்தான் ரேலீன் பாஸ்கோ ஓவியக்காரி ஆனாள். ஆனாள் என்று சொல்வது நாம்தான், அவள் சொன்னதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் 'வீட்டு வேலை' என்றே எழுதினாள். வெளியூர்க்காரர் யாராவது கேட்டால், சும்மா கொஞ்சம் கிறுக்குவேன் என்பாள்.

கிறுக்கல் பதினாறு வயதில் தொடங்கியது. அப்பாவின் லாரிக் கதவில் பெயர் எழுத வந்தவன் குடித்துவிட்டுத் தூங்கிப்போக, அவன் தூரிகையை எடுத்து இவள் எழுதி முடித்தாள். எழுத்து அவன் எழுதுவதைவிட நேராக வந்தது. அதற்குப் பிறகு சுற்றுவட்டாரத்து லாரிக் கதவுகள், கறிக்கடைக் கண்ணாடி, கால்பந்துக் கழகத்தின் ஸ்கோர் பலகை எல்லாம் அவள் கையெழுத்துதான். கறிக்கடைக் கண்ணாடியில் அவள் வரைந்த ஆட்டுக்குட்டி போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடித்தது. லூத்தரன் தேவாலயத்தில் கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் திரைச்சீலை எழுதச் சொன்னார்கள். மூன்று ஞானிகளில் ஒருவருக்கு வங்கி மேலாளரின் மூக்கு அச்சாக வந்திருந்தது. பாதிரியார் கேட்டதற்கு, ஞானிக்கு ஏதாவது ஒரு மூக்கு வேண்டுமே என்றாள். மேலாளர் தன் மூக்கைப் பார்க்க மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து கோயிலுக்கு வந்தார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

ட்ரெவரைக் கட்டிக்கொண்டது இருபத்து மூன்றாம் வயதில். ட்ரெவருக்கு ஊர்க்கோடியில் ரயில் பாதையை ஒட்டிக் கான்கிரீட் கோபுரம் போல நிற்கும் கோதுமைக் குதிரில் வேலை. அறுவடைக் காலத்தில் வரிசையாக வந்து நிற்கும் லாரிகள் மேல் நீளக் குழாயைக் குத்தி, கோதுமையை மாதிரி எடுத்துப் பார்த்து, இது நல்லது, இது ஈரம் என்று தரம் பிரிப்பான். ஒரு நாளைக்கு நானூறு முறை அபிப்பிராயம் சொல்லிவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் அபிப்பிராயம் மிஞ்சவில்லை போலிருக்கிறது. ரேலீன் வரைந்த எதைப் பற்றியும் அவன் வாயைத் திறந்ததில்லை. மாவட்டக் கண்காட்சியில் எண்ணெய் வண்ணப் பிரிவில் அவள் பதினோரு வருடம் இரண்டாம் பரிசு வாங்கினாள். பதினோரு முறையும் அவன் போய்ப் பார்த்துவிட்டுக் கேக் பிரிவைப் பற்றிப் பேசிக்கொண்டே வீடு திரும்பினான்.

நாற்பது வயதுக்கு மேல் அவள் தகரக் கொட்டகைகளை வரையத் தொடங்கினாள். சாய்ந்த கொட்டகை, துருவேறிய கொட்டகை, கதவில்லாத கொட்டகை. மெல்போர்னிலிருந்து வந்த ஒரு காட்சிக்கூடத்துக்காரி கண்ணில் அவை பட்டு, நகரத்தில் கண்காட்சி வைத்தாள். பத்திரிகையில் ஒருவர், இந்தச் சமவெளியின் தனிமையை இவரைப் போல யாரும் தீட்டியதில்லை என்று அரைப் பக்கம் எழுதினார். ரேலீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கொட்டகையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரே காரணம், அது ஆடாமல் நிற்கும், என் மூக்கு ஏன் இவ்வளவு பெரிசு என்று கேட்காது. ஊர்க்காரர்கள் அந்த அரைப் பக்கத்தைக் கத்தரித்து, புகைப்படத்தில் அவளுக்கு மீசை வரைந்து, மதுக்கடையின் ஆண்கள் கழிப்பறைக் கதவில் ஒட்டினார்கள். அவளைப் பற்றி அவர்களுக்குப் பெருமை என்று அதிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள். ட்ரெவர் கண்காட்சியை இரண்டு சுற்று சுற்றிவிட்டு, படச் சட்டங்களை நேராக மாட்டியிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னான். அது அவளுக்கு வலித்தது. ஆனால் வலித்தது என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைத் தம்பட்டம் என்று அந்த ஊரில் வளர்ந்தவளுக்குத் தெரியும், ஆகவே சொல்லவில்லை.

அவளுக்கு அறுபத்தோரு வயது நடக்கும்போதுதான் குதிர் விவகாரம் வந்தது. குதிர் மூடப்பட்டு வருடங்கள் ஆகிவிட்டன. ட்ரெவரும் வேலையை விட்டுப் பள்ளிப் பேருந்து ஓட்டப் போய்விட்டான். அந்த நெடுஞ்சாலையில் ஊருக்கு ஊர் பழைய குதிர்களில் பிரம்மாண்டமாகப் படம் வரையும் மோகம் பரவியிருந்தது. ஒரு ஊரில் தொப்பி வைத்த விவசாயி, ஒரு ஊரில் செம்மறி நாய், ஒரு ஊரில் இரண்டு கிழவர்கள். படம் உள்ள ஊரில் சுற்றுலா வண்டிகள் நின்றன, பேக்கரியில் கூட்டம் சேர்ந்தது. படமில்லாத டாரன்கூலைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் கடந்து போனார்கள்.

எனவே ஒரு குழு அமைத்தார்கள். தலைவன் ரான் போல்னர். ஊரில் எந்தக் குழு அமைத்தாலும் தலைவன் அவன்தான். நான்காயிரம் ஏக்கர் கோதுமை, தீயணைப்புப் படை, கால்பந்துக் கழகம் எல்லாம் அவன் கையில். மெல்போர்னிலிருந்து சுவரோவியம் வரைகிற ஒரு பிரபலத்தைக் கூப்பிடலாம் என்று ஏறத்தாழ முடிவாகிவிட்டது. ரேலீனுக்கு அந்தச் சுவர் வேண்டும். வாழ்நாளில் அவள் வேறெதையும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. முப்பது மீட்டர் உயரம், வளைந்த கான்கிரீட், காலை வெயில் நேராக விழும். அதுவரை அவள் வரைந்ததில் மிகப் பெரியது தேவாலயத் திரைச்சீலைதான். எனக்குக் கொடுங்கள் என்று அந்த ஊரில் கேட்க முடியாது. ஆகவே பொதுக்கூட்டத்தின் கடைசி வரிசையில் நின்று, வேறு ஆளே கிடைக்காவிட்டால் ஒரு கை பார்க்கிறேன், கெட்டுப்போனால் மேலே வெள்ளையடித்துவிடலாம் என்றாள். அந்த ஊர்ப் பாஷையில் அது காலில் விழுந்து கெஞ்சுவதற்குச் சமம். குழுவுக்கும் புரிந்தது. இரண்டு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள். படம் ஊராரில் ஒருவருடையதாக இருக்க வேண்டும். மாதிரிப் படத்தைக் குழுவின் ஆறு பேரும் ஒருமனதாக ஏற்க வேண்டும். மார்ச் கடைசிக்குள் மாதிரிப் படம் முடிவாகாவிட்டால் மெல்போர்ன்காரன்.

மறுநாளிலிருந்து ரேலீனின் கொட்டகைக்கு ஊர்வலம் தொடங்கியது. ஒருவரும் தனக்காக வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேக்கரி நோலா வெனிலா ஸ்லைஸ் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து, நீலத்தை வரையேன், அவன் முகத்தில் களை இருக்கிறது என்று பரிந்துரைத்தாள். முடியை அன்று காலைதான் சுருட்டிவிட்டிருந்தாள். நீலம் வந்து நோலாவை வரையச் சொன்னான். இருபது வருடத்துத் தாடி காணாமல் போயிருந்தது, கன்னமெல்லாம் கீறல். ரான் வந்தவன் விவசாயத் தலைமுறைகளின் உழைப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசினான். பேசும்போது ஜன்னல் வெளிச்சத்தில் பக்கவாட்டாகவே நின்றான். அவள் இந்தப் பக்கம் நகர்ந்தால் அவனும் கூடவே திரும்பினான்.

முதலில் நீலத்தை வரைந்து காட்டினாள். இவனை மேலே ஏற்றினால் அப்புறம் கீழே இறக்க முடியாது என்று குழுவில் நான்கு பேர் சொன்னார்கள். அடுத்து நோலா. பேக்கரிக்காரியைப் போட்டால் மதுக்கடைக்காரி என்ன நினைப்பாள் என்றார்கள். குழுவின் மனசு தெரிந்துபோய் மூன்றாவதாக ரேலீன் ரானையே வரைந்து கொண்டுபோனாள். உண்மையிலேயே நன்றாக வந்திருந்தது. தாடை கொஞ்சம் கூடுதலாகவே உறுதி.

ரான் படத்தைப் பார்த்தான், சிவந்தான், கையை வீசினான்.

"சே சே, நான் எதுக்கு. வேற யாராவது நல்ல ஆளாப் பாரு, ரேல்."

இது பிகு. ஒரு முறை வேண்டாமென்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் வற்புறுத்த வேண்டும், இரண்டாம் முறை தலையைச் சொறிந்துகொண்டு சம்மதிக்க வேண்டும். ஊரில் எல்லாப் பதவியையும் ரான் இப்படித்தான் ஏற்றிருக்கிறான். அன்று என்ன ஆனதோ, ஒருவரும் வற்புறுத்தவில்லை. ஐந்து பேரும் கூரையைப் பார்த்தார்கள். பிறகு குழுவிலிருந்த வழுக்கைத் தலைச் சுருட்டை தொண்டையைக் கனைத்து, "சரி, ரானுக்கு இஷ்டமில்ல. குறிச்சுக்குங்க. அடுத்தது" என்றான். ரானின் முகத்தில் ஈயாடவில்லை. தன் வாயாலேயே தன்னை முப்பது மீட்டரிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டவன் இனி வேறு எந்த முகத்தையும் விட மாட்டான் என்பது ரேலீனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மார்ச் முடிய மூன்று நாள் இருந்தது. கொட்டகையில் உட்கார்ந்து ஊரில் உள்ள முகங்களையெல்லாம் யோசித்துப் பார்த்தாள். எந்த முகத்தை வைத்தாலும் ஊரில் மீதி முந்நூற்றுப் பதினொரு பேருக்கு வயிற்றெரிச்சல். அப்படியானால் முகம் எதற்கு என்று தோன்றியது. முதுகை வரைந்தால் என்ன? சமவெளியைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு ஆள், மெழுகுத்துணிக் கோட்டு, தொப்பி, கைகள் பைக்குள்.

முதுகுக்கு ஆள் வேண்டுமே. யாரைக் கூப்பிட்டு நிறுத்தினாலும் அரை மணியில் ஊருக்குத் தெரிந்துவிடும். அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிப் பின்னால் சாய்த்தாள், குளியலறைக் கண்ணாடியை முன்னால் கட்டினாள், ட்ரெவரின் பழைய கோட்டையும் தொப்பியையும் மாட்டிக்கொண்டு நடுவில் நின்றாள். அவசரத்துக்குச் செய்த காரியம்தான். வரைய வரைய வேறு மாதிரி ஆயிற்று. லாரிக் கதவு, வங்கி மேலாளர், இருநூறு கொட்டகை என்று எத்தனையோ வரைந்தவள் தன்னை வரைந்ததே இல்லை. வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தது. இத்தனை வருடம் தூரிகை பிடித்த தோள். அதை நேராக்கலாமா என்று யோசித்தாள், நேராக்கவில்லை. அந்த முதுகு அவளுக்குப் பிடித்திருந்தது. யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை கதவைப் பார்த்துக்கொண்டாள்.

குழு நான்கு நிமிடத்தில் ஒருமனதாக ஏற்றது. நீண்ட நேரம் உற்றுப் பார்த்தவன் ரான்.

"இந்தத் தோள் நல்லா வந்திருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் தோளை ஒரு முறை உருட்டிக்கொண்டான்.

தன் முதுகைத் தானே பார்த்தவர் அவளைத் தவிர ஊரில் யாருமில்லை. இந்த விஷயம் ரேலீனுக்குச் சாதகமாகப் போயிற்று. ஏப்ரலிலும் மேயிலும் அவள் ஆள்தூக்கும் வண்டியின் கூண்டில் ஏறி நின்று வரைய, கீழே மதுக்கடையில் ஆளாளுக்கு மறுப்பு அறிக்கை விட்டார்கள். அது நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள், எனக்கு ஒன்றும் தெரியாது என்றான் நீலம். சொல்லிவிட்டுப் போகும்போது வெகு நேரம் கதவுப்பக்கம் திரும்பி, முதுகைக் காட்டியபடியே நின்றான். நோலா கோழிக்கூண்டுக்குப் போகும்போது போடும் தன் அப்பாவின் கோட்டைப் பேக்கரிக்கே போட்டுக்கொண்டு வரத் தொடங்கினாள். ரான் வயலில் நிற்கும்போதெல்லாம் கையைப் பைக்குள் விட்டுக்கொள்வதாகப் பேச்சு. ட்ரெவர் பேருந்துச் சவாரி இல்லாத நேரத்தில் வண்டியைக் குதிரடியில் நிறுத்தி, பிளாஸ்க்கில் தேநீரோடு உட்கார்ந்து, காற்று எழும்பினால் ஹாரன் அடித்து அவளை இறங்கச் சொல்வான். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

கூண்டில் நிற்கும்போது ரேலீனுக்குப் பயமாக இருந்தது. உயரத்தால் அல்ல. ஊரே பார்க்க, தன்னையே முப்பது மீட்டருக்கு வரைந்து வைத்திருக்கிறாள். கோப்பை வாங்கிக் கொடுத்த ஆள் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான், அதற்கே முப்பத்தைந்து வருட நாற்காலி. இது வெளியே வந்தால் அவள் சாகும்வரை, செத்த பிறகும் பிரேதப் பெட்டியைத் தூக்கும்போதும் கூட, விட மாட்டார்கள். வெள்ளையடிக்கலாம் என்ற பேச்சும் அவள் வாயிலிருந்து வந்ததுதான். ரானுக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

திறப்பு விழா ஜூனில் ஒரு சனிக்கிழமை மதியம். முப்பது மீட்டருக்குத் திரை போட முடியாததால் அடியில் பதித்த சின்னப் பலகை மேல் நோலாவின் மேசைவிரிப்பைப் போர்த்தியிருந்தார்கள். ட்ரெவர் இரும்புத் தட்டில் தொத்திறைச்சியும் வெங்காயமும் வறுத்து ரொட்டியில் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தான். ஊர் முழுக்க வந்திருந்தது, பலரும் கோட்டு தொப்பியோடு. ரான் பேசினான். இதில் இருப்பவர் யார் என்பது முக்கியமில்லை என்று மூன்று முறை சொன்னான். மேசைவிரிப்பை எடுத்தார்கள், கை தட்டினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

வட்டார வானொலியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வெளியூர்க்காரி, ஊர் நடப்பு தெரியாதவள். ரான் பேசிய ஒலிவாங்கியையே எடுத்து ரேலீனின் முகத்துக்கு நேரே நீட்டி, "யாருங்க அது?" என்று கேட்டுவிட்டாள்.

 நோலா கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தாள். நீலம் எங்கோ பார்ப்பது போல் திரும்பினான். இந்தக் கேள்விக்கு ரேலீன் இரண்டு மாதமாகப் பதில் தயார்செய்து வைத்திருந்தாள்: யாராகவும் இருக்கலாம், எல்லாருமாகவும் இருக்கலாம். அதைச் சொல்ல வாயைத் திறந்தவள் ஒரு முறை மேலே பார்த்தாள். மதிய வெயிலில் ஏறின தோளும் இறங்கின தோளுமாக, யாரைப் பற்றியும் கவலைப்படாமல் நின்றது முதுகு. நாற்பத்தைந்து வருடமாகக் கிறுக்குகிறேன், கிறுக்குகிறேன் என்று சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது அவளுக்கு.

"நான்தான்" என்றாள். "அது என் முதுகு. என்னையேதான் வரைஞ்சேன்."

ஒலிபெருக்கி அதைக் கோதுமை வயல்வரை கொண்டுபோயிற்று.  முதலில் சிரித்தவன் ரான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவனைப் பார்த்து நீலம், நோலா, சுருட்டை, பாதிரியார். முந்நூறு பேர் சிரித்தார்கள். தன்னைத்தானே முப்பது மீட்டருக்கு வரைந்துகொள்ளும் ஒரு ஆள் டாரன்கூலில் இருக்க முடியுமா என்ன? ரேல் மாதிரி முகத்தில் சிரிப்பே காட்டாமல் ஜோக்கடிக்க யாராலும் முடியாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாருடைய முதுகும் பறிபோகவில்லை, எல்லாருடைய முதுகும் பத்திரம். ஒருவன் வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

தப்பித்தோம் என்ற நிம்மதி முதலில் வந்தது. பின்னாலேயே ஒரு குத்தல். வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தன்னைப் பற்றி உண்மையைச் சொன்னாள், அது இவ்வளவு நல்ல நகைச்சுவையாக இருந்திருக்க வேண்டாம். பசிக்கவில்லை என்றாலும் தொத்திறைச்சி அடுப்புப் பக்கம் போய் நின்றாள். ட்ரெவர் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் சிரிப்பின் தடமே இல்லை.

"நீ சிரிக்கலியா?" என்றாள்.

"எதுக்குச் சிரிக்கணும்?"

"ஊரே சிரிக்குது."

"அவங்களுக்கு என்ன தெரியும்? முப்பத்தெட்டு வருசமா அந்த முதுகைப் பாத்துக்கிட்டுதான் நான் சாப்பிடறேன். நீ ஜன்னலப் பாத்து வரைஞ்சுக்கிட்டு நிப்ப, நான் மேசைல ஒக்காந்திருப்பேன். மேல என் கோட்டப் போட்டுக்கிட்டா எனக்குத் தெரியாதா?"

 எப்போது தெரியும் என்று கேட்டாள். கூண்டில் ஏறி முதல் கோடு போட்ட அன்றைக்கே என்றான். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, ரொட்டியில் வெங்காயத்தை அள்ளி வைத்து அவளிடம் நீட்டினான்.

"நீ சொல்றியான்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றான்.

அவள் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ரான் இரண்டாவது தொத்திறைச்சிக்காக வந்தான். இன்னும் அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நான்தான்னாளே, கேட்டியா? உன் பெண்டாட்டி பொல்லாதவடா, ட்ரெவ்."

ட்ரெவர் இடுக்கியைக் கீழே வைத்தான். குதிர்ச் சுவரை அண்ணாந்து பார்த்தான், பிறகு ரானை.

"அவதான் அது, ரான்" என்றான் நிதானமாக.

ரானுக்கு மூச்சே முட்டிவிட்டது. புருசனும் பெண்டாட்டியும் கூட்டுச் சதி என்று திக்கித் திக்கிச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதை நீலத்திடம் சொல்ல ரொட்டியோடு ஓடினான். ரேலீன் ட்ரெவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வெங்காயம் முழுக்கத் தீய்ந்துபோயிற்று.